நாட்டு நாய் வளர்க்கிறீங்களா? இனத்தோட பேரைக் காப்பாத்த 22 டிப்ஸ்

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை. இந்த நாலு பேரைச் சொன்னா நம்ம ஊர்ல ரெண்டு விதமா பேசுவாங்க. "நம்ம மண்ணோட நாய், என்ன கம்பீரம்!"னு ஒருத்தர் சொல்வார். "அய்யய்யோ, அது யாரையும் விடாது, கடிச்சுடும்"னு பக்கத்துல நிக்கிறவர் சொல்வார். ரெண்டு பேச்சுக்கும் காரணம் அதை வளர்த்தவங்கதான். ஒழுங்கா வளர்த்தவங்களாலதான் நல்ல பேர் வந்துச்சு. காசுக்காகக் கண்டபடி குட்டி போட வச்சு, சங்கிலியில கட்டிப் போட்டு, கடிச்சதும் தெருவுல விட்டவங்களாலதான் கெட்ட பேர் வந்துச்சு.

2005-ல இந்திய அஞ்சல் துறை ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டுச்சு. 2020 ஆகஸ்ட் 'மன் கீ பாத்' உரையில பிரதமர் இந்த நாலு இனத்தோட பேரையும் சொன்னார். நல்லதுதான். ஆனா ஒரு இனத்துக்கு மவுசு வந்தா அவசர ஆளுங்களும் கூடவே வருவாங்க. ஒரு ஆண் நாயும் ஒரு பெட்டையும் வீட்டுல இருந்தா போதும், நாமும் 'ப்ரீடர்'தான்னு நினைக்கிறவங்க இருக்காங்க. அவங்களுக்கும், அவங்ககிட்ட குட்டி வாங்கப் போறவங்களுக்கும் சேர்த்துதான் அக்கா இதைச் சொல்றேன். நேரம் இல்லாதவங்க உங்களுக்கு வேண்டிய தலைப்பை மட்டும் படிங்க. 'உங்க நாயும் ஊர்ப் பேச்சும்'ங்கிற தலைப்பை மட்டும் யாரும் விட்டுடாதீங்க.

குட்டி வாங்குறதுக்கு முன்னாடி

1. அழகைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, உங்க நாளைப் பாருங்க. சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடுறதுக்குன்னே பிறந்த நாய்ங்க. கண்ணால பார்த்து விரட்டுற வேட்டை நாய் வகை. தினமும் கால் வலிக்க ஓட விடணும். ராஜபாளையமும் கோம்பையும் காவலுக்குப் பேர் போனதுங்க. புது ஆளைச் சட்டுனு ஏத்துக்காதுங்க. காலையில ஆபீஸ், ராத்திரி எட்டு மணிக்கு வீடு, இருக்கிறது ரெண்டு ரூம் ஃப்ளாட்டுன்னா இதுங்க உங்களுக்கு வேண்டாம். ஒரு தெருநாய்க் குட்டியைத் தத்தெடுங்க. அதுவும் நாட்டு நாய்தான், காசும் மிச்சம்.

2. தாயைப் பார்க்காம குட்டியை வாங்காதீங்க. பஸ் ஸ்டாண்டுல கொண்டு வந்து தர்றேன், பாதி வழியில வந்து வாங்கிக்கங்கன்னு சொன்னா அப்பவே போனை வைங்க. தாய் எங்க படுக்குது, விலா எலும்பு துருத்திக்கிட்டு இருக்கா, ஆளைப் பார்த்தா நடுங்குதா, பாயுதான்னு நேர்ல பாருங்க. தாயோட குணம் குட்டிக்கும் வரும். தாய் இல்லைன்னு காரணம் சொல்ற இடத்துல குட்டியும் வேண்டாம்.

3. 8 வாரத்துக்கு முன்னாடி கைமாத்தினா வாங்காதீங்க. 2017-ல வந்த மத்திய அரசோட நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளும் இதைத்தான் சொல்லுது. சட்டத்துக்காக மட்டும் சொல்லலை. கூடப் பிறந்ததைக் கடிச்சா அது கத்தும், தாயை ஓங்கிக் கடிச்சா தாய் உறுமும். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம்னு குட்டி கத்துக்கிறது அங்கதான். முப்பது நாள்ல பிரிச்சுக் கொண்டு வந்த குட்டிதான் பின்னாடி பிள்ளைங்க கையைக் கவ்வுது.

4. ராஜபாளையம்னா காதைச் சோதிங்க. தூய வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் இருக்கிற இந்த இனத்துல காது கேட்காம பிறக்கிற குட்டிங்க உண்டு. நீலக் கண் இருந்தா இன்னும் கவனமா பாருங்க. குட்டி தூங்கும்போது அதுக்குத் தெரியாம பின்னாடி நின்னு ஒரு தட்டுல ஸ்பூனைத் தட்டுங்க. தரையைத் தட்டாதீங்க, அதிர்வுல எழுந்துடும். கூட்டத்துல வச்சும் சோதிக்காதீங்க, மத்த குட்டி திரும்புறதைப் பார்த்து இதுவும் திரும்பும். தனியா வச்சுப் பாருங்க. காது கேட்காத குட்டியையும் வளர்க்கலாம், ஆனா தெரிஞ்சு வளர்க்கணும். திடீர்னு தொட்டா பதறிக் கடிக்கும். தெரியாதவங்க அதுக்கு 'கோபக்கார ராஜபாளையம்'னு பேர் வச்சிடுவாங்க.

5. பேப்பரை மட்டும் நம்பாதீங்க. சென்னையில இருக்கிற இந்திய கென்னல் கிளப்போட சான்றிதழ் இந்தக் குட்டிக்கு அப்பா அம்மா யாருன்னு சொல்லும். உடம்பு நல்லா இருக்கு, குணம் நல்லா இருக்குன்னு அது சொல்லாது. அதுக்குத் தடுப்பூசி அட்டையையும் கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டையும் கேளுங்க.

இணை சேர்க்கிறதுக்கு முன்னாடி

6. எதுக்குன்னு ஒரு தடவை வாய்விட்டு சொல்லிப் பாருங்க. "ஒரு ஈத்தாவது போட்டாத்தான் பெட்டைக்கு உடம்பு நல்லா இருக்கும்", "ஒரு தடவை சேர்த்து விட்டா ஆண் நாய் அடங்கும்". ரெண்டும் தப்பு. ஒரு ஈத்து போடுறதால பெட்டைக்கு எந்த ஆரோக்கியமும் கூடாது. சேர்த்து விட்ட ஆண் நாய் இன்னும் அலையும். குட்டி எடுக்கிற எண்ணம் இல்லைன்னா கருத்தடை அறுவை செய்யுங்க. பெட்டைக்குக் கர்ப்பப்பையில சீழ் பிடிக்கிற ஆபத்து போகும். சீக்கிரமே செஞ்சா மார்புக் கட்டி வர்ற வாய்ப்பும் குறையும். சிப்பிப்பாறை, கன்னிக்கு அறுவைன்னா, "இது வேட்டை நாய் வகை, உடம்புல கொழுப்பு கம்மி"ன்னு மருத்துவர்கிட்ட முன்கூட்டியே சொல்லுங்க. சில மயக்க மருந்து இதுங்களுக்குத் தெளிய ரொம்ப நேரம் ஆகும்.

7. வயசுக் கணக்கை எழுதி வைங்க. முதல் ஹீட் (இணை சேர்ற பருவம்) பெரும்பாலும் ஒரு வயசுக்குள்ளயே வந்துடும். அதுக்காக உடனே சேர்க்காதீங்க. அதுவே இன்னும் வளர்ற பிள்ளை. 2017 விதிப்படி 18 மாசம் நிறையணும். வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல கூடாது. வாழ்நாள்ல 5 ஈத்துக்கு மேல கூடாது. 8 வயசைத் தாண்டினா நிறுத்திடணும். குட்டி விற்கிறவங்க மாநில விலங்குகள் நல வாரியத்துல பதிவும் செஞ்சிருக்கணும். அஞ்சு ஈத்து போட்டே ஆகணும்னு அர்த்தம் எடுத்துக்காதீங்க. ரெண்டோட நிறுத்தினாலும் யாரும் கேட்கப் போறதில்லை.

8. கடிக்கிறதையும் நடுங்குறதையும் சேர்க்கவே சேர்க்காதீங்க. இந்தப் பட்டியல்ல ஒண்ணை மட்டும்தான் நினைவு வச்சுக்க முடியும்னா இதை வச்சுக்கங்க. "நல்ல உயரம், நல்ல நெஞ்சு, பந்தயத்துல முதல்"னு பார்த்து, குணத்தைக் கேட்காமலே சேர்க்கிறாங்க. வீட்டு ஆளையே கடிக்கிற நாய், பட்டாசு சத்தத்துக்கு மூணு நாள் கட்டிலுக்கு அடியில ஒடுங்குற நாய், காரணமே இல்லாம பாயுற நாய், எவ்வளவு அழகா இருந்தாலும் அதோட வரிசை அதோட நிக்கட்டும். பயமும் முரட்டுத்தனமும் குட்டிக்கு இறங்கும். ஒரு ஈத்துல ஆறு குட்டின்னா ஆறு வீட்டுக்கு அந்தப் பயத்தை அனுப்புறீங்க. அந்த ஆறு தெருவும் ஒரு நாயைக் குறை சொல்லாது, "இந்த இனமே இப்படித்தான்"னு சொல்லும்.

9. சொந்தத்துக்குள்ள சேர்க்காதீங்க. அண்ணன் தங்கச்சி, தாய் மகன், தகப்பன் மகள், தாத்தா பேத்தி வேண்டவே வேண்டாம். "தூய ரத்தம் காப்பாத்துறோம்"னு இதைச் செய்யுறாங்க. நாட்டு இனங்கள்ல எண்ணிக்கையே குறைவு. அதுக்குள்ளயும் ஒரே குடும்பத்தைத் திருப்பித் திருப்பிச் சேர்த்தா மறைஞ்சிருக்கிற குறையெல்லாம் வெளிய வரும். ஈத்து சின்னதாகும், குட்டிங்க செத்துப் பிறக்கும், நோய் எதிர்ப்பு குறையும். பத்து ஊர் தள்ளிப் போய் வேற வரிசை ஆண் நாயைத் தேடுங்க. பெட்ரோல் காசு பார்க்காதீங்க.

10. குறை தெரிஞ்ச வரிசையை மூடி மறைக்காதீங்க. ஒரு ராஜபாளையம் ஜோடிக்குக் காது கேட்காத குட்டி பிறந்தா, அதே ஜோடியைத் திரும்பச் சேர்க்காதீங்க. ஆண் நாய் கொடுத்தவருக்கும் போன் போட்டுச் சொல்லுங்க. சொல்லாம விட்டா அவர் பத்துப் பெட்டைக்குக் கொடுத்திருப்பார்.

11. ரெண்டு பேரையும் டாக்டர்கிட்ட காட்டுங்க. ஆண் நாய்க்கு எதுக்குன்னு கேட்காதீங்க. ப்ரூசெல்லா ஒரு நாய்லேர்ந்து இன்னொரு நாய்க்கு இணை சேரும்போதே பரவும். குட்டி கலையும். மனுஷங்களுக்கும் ஒட்டும். அதுக்கு ரத்தப் பரிசோதனை வேணும். உண்ணிக் காய்ச்சல் இருக்கான்னு பாருங்க. தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் சேர்க்கிறதுக்கு முன்னாடியே முடிச்சிருக்கணும். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வீலர் வச்சிருக்கிறவங்க ரெண்டு வயசுக்கு மேல இடுப்பு எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்காம சேர்க்காதீங்க. அந்த இனங்கள்ல இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையா இறங்கும்.

12. கலந்துட்டு தூயதுன்னு விற்காதீங்க. வேகம் வரணும்னு கிரேஹவுண்டோட சேர்த்துட்டு 'அசல் சிப்பிப்பாறை'ன்னு சொல்றது ஏமாத்து. வாங்கினவங்க அதையும் சிப்பிப்பாறைன்னே நம்பித் திரும்பச் சேர்ப்பாங்க. ரெண்டு மூணு தலைமுறையில அசல் எதுன்னு யாருக்கும் தெரியாமப் போயிடும். கலப்புன்னா கலப்புன்னு சொல்லிக் கொடுங்க. நல்ல வீடு அதுக்கும் கிடைக்கும்.

13. முதல்ல வீடு, அப்புறம் குட்டி. சேர்க்கிறதுக்கு முன்னாடியே நாலஞ்சு பேராவது நிச்சயமா எடுத்துப்பாங்கன்னு தெரியணும். "போட்டதுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்"னா மூணாவது மாசம் குட்டிங்க வீட்டைப் பிறாண்டும். நீங்களும் வந்த விலைக்கு, வந்த ஆளுக்குத் தள்ளி விடுவீங்க. தப்பான கைக்குக் குட்டி போறது பெரும்பாலும் இந்த அவசரத்துலதான்.

சினையும் குட்டியும்

14. 63 நாளைக் காலண்டர்ல குறிங்க. நாலஞ்சு நாள் முன்ன பின்ன ஆகலாம். சினையா இருக்கும்போது டாக்டர் சொல்லாம கால்சியம் ஊத்தாதீங்க. அளவு மீறினா உடம்பே கால்சியத்தைச் சமாளிக்கிறதை மறந்துடும். குட்டி போட்டதுக்கு அப்புறம் பால் கொடுக்கும்போது தாய்க்கு உதறலும் இழுப்பும் வரும். அப்படி வந்தா ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காம மருத்துவமனைக்கு ஓடுங்க.

15. எப்ப டாக்டரைக் கூப்பிடணும்? அரை மணி நேரம் நல்லா முக்கியும் குட்டி வரலைன்னா. முதல் குட்டி வர்றதுக்கு முன்னாடியே பச்சை நிறத்துல நீர் வந்தா. பாதி வெளிய வந்து மாட்டிக்கிட்டா. இந்த மூணுலயும் அனுபவசாலி பக்கத்து வீட்டுக்காரர் உதவ மாட்டார். ராத்திரி திறந்திருக்கிற கால்நடை மருத்துவமனை எதுன்னு முன்னாடியே விசாரிச்சு நம்பரைச் சுவத்துல ஒட்டுங்க. சென்னைக்காரங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு.

16. முதல் ரெண்டு வாரம்: சூடு, சீம்பால், எடை. குட்டிக்குத் தன் உடம்பு சூட்டைக் காத்துக்கத் தெரியாது. ஃபேனுக்கு நேரா, வெறும் சிமென்ட் தரையில போடாதீங்க. பிறந்த அன்னைக்கே எல்லாக் குட்டியும் சீம்பால் குடிச்சுதான்னு பாருங்க. சமையலறைத் தராசுல தினமும் எடை போடுங்க. எடை ஏறாத குட்டிதான் முதல்ல கையை விட்டுப் போகும். ரெண்டு வாரத்துலேர்ந்து டாக்டர் சொல்ற கணக்குல குடற்புழு மருந்து. ஆறேழு வாரத்துல முதல் தடுப்பூசி. மூணு மாசம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி, அப்புறம் வருஷா வருஷம்.

17. 3 வாரத்துலேர்ந்து 14 வாரம் வரைக்கும் பொன்னான காலம். மனுஷங்க நல்லவங்க, உலகம் பயப்பட வேண்டிய இடம் இல்லைன்னு குட்டி மனசுல பதியறது இந்தச் சில வாரத்துலதான். இதைத் தவறவிட்டா பின்னாடி எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் முழுசா ஈடு ஆகாது. இதுக்குப் பெரிய செலவு ஒண்ணும் இல்ல. தினம் பத்து நிமிஷம் ஒதுக்குங்க.
   - கண்ணாடி போட்டவர், தொப்பி போட்டவர், தாத்தா, பாட்டி, சின்னப் பிள்ளை, தபால்காரர்னு பலவிதமான ஆளுங்க மெதுவா தொட்டுப் பார்க்கட்டும்.
   - குக்கர் விசில், மிக்ஸி, பைக், கோயில் மேளம் எல்லாம் தூரத்துலேர்ந்து காதுல விழட்டும்.
   - காது, பாதம், வாயைத் தொட்டுப் பழக்குங்க. நகம் வெட்டும்போதும் ஊசி போடும்போதும் கடிக்காது.
   - தடுப்பூசி முடியுற வரைக்கும் தெருவுல இறக்க வேண்டாம். இடுப்புல தூக்கிக்கிட்டுப் போய்க் காட்டுங்க.
   - பயந்தா இழுத்துக்கிட்டுப் போகாதீங்க. தள்ளி நில்லுங்க, அதுவா வரட்டும்.

   தோட்டத்துக் கொட்டகையில யாரையும் பார்க்காம மூணு மாசம் வளர்ந்த ராஜபாளையம் எல்லாரையும் எதிரின்னு நினைக்கத்தான் செய்யும். அதைப் 'பிறவிக் கோபம்'னு சொல்றது அநியாயம்.

குட்டியைக் கொடுக்கும்போது

18. விலை பேசுறதுக்கு முன்னாடி ஆளைப் பேசுங்க. வீட்டுல எத்தனை பேர், பகல்ல யார் இருப்பாங்க, முன்னாடி வச்சிருந்த நாய் என்ன ஆச்சுன்னு கேளுங்க. "நல்லா கடிக்கிற குட்டியா கொடுங்க"ன்னு கேட்கிறவருக்குக் கொடுக்காதீங்க. எவ்வளவு பணம் நீட்டினாலும் கொடுக்காதீங்க. கொடுக்கும்போது ஒரு தாள்ல, "வளர்க்க முடியலைன்னா என்கிட்டயே திருப்பிக் கொடுத்துடுங்க"ன்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. நீங்க பிறக்க வச்ச குட்டிக்கு அது சாகிற வரைக்கும் நீங்களும் பொறுப்பு. இந்தப் பொறுப்பு வேண்டாம்னா குட்டி எடுக்கிற வேலையும் வேண்டாம்.

உங்க நாயும் ஊர்ப் பேச்சும்: இதை விட்டுடாதீங்க

19. நாள் பூரா சங்கிலியில கட்டாதீங்க. "கட்டிப் போட்டாத்தான் காவல் காக்கும்"னு சொல்றதைக் கேட்காதீங்க. கட்டிப் போட்ட நாய்க்குத் தப்பி ஓட வழி கிடையாது. அதனால யார் பக்கத்துல வந்தாலும் பாயப் பழகிடும். சங்கிலி அறுந்த அன்னைக்கு யார் மாட்டினாலும் கடிதான். சுத்துச்சுவர், வேலி, ஒரு கூண்டு, காலையும் சாயங்காலமும் நடை. காவலுக்கு இது போதும். ராஜபாளையத்தோட வெள்ளைத் தோல் வெயிலைத் தாங்காது, நிழல் கட்டாயம் வேணும். வீரமா தெரியணும்னு காதை வெட்டுறது, வாலை நறுக்குறது இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

20. வெளிய போனா லீஷ் கையில இருக்கணும், பிடிக்கிற ஆள் பலமுள்ளவரா இருக்கணும். பத்து வயசுப் பையன் கையில ராஜபாளையத்தைக் கொடுத்து அனுப்பாதீங்க. கூட்டமான இடம்னா வாய்க்கூடு போடுங்க. அதுல அவமானம் ஒண்ணும் இல்ல. 2024 மே மாசம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பூங்காவுல ரெண்டு ராட்வீலர் நாய்ங்க 5 வயசுச் சிறுமியைக் கடிச்சதை எல்லாரும் படிச்சீங்க. அதுக்கப்புறம் ஒழுங்கா ராட்வீலர் வளர்க்கிறவங்களையும் ஊர் முறைச்சுப் பார்த்துச்சு. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் 23 வகை நாய்களைத் தடை செய்யச் சொல்லி மத்திய அரசு சுற்றறிக்கை அனுப்பியிருந்துச்சு. ஏப்ரல்ல கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செஞ்சுது. அந்தப் பட்டியல்ல ராட்வீலர் பேர் இருந்துச்சு. நம்ம நாட்டு இனம் எதுவும் நாளைக்கு அப்படி ஒரு பட்டியல்ல ஏறக் கூடாதுன்னா இன்னைக்கு நாம லீஷைப் பிடிக்கணும். நாயைக் கவனக்குறைவா விட்டு அடுத்தவருக்கு ஆபத்து வந்தா பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆவது பிரிவுல 6 மாசம் வரைக்கும் சிறையோ 5,000 ரூபாய் வரைக்கும் அபராதமோ உண்டு. மாநகராட்சி உரிமமும் எடுத்து வைங்க.

21. வேட்டைக்கும் வீடியோவுக்கும் பழக்காதீங்க. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-லயே வந்தாச்சு. தாத்தா காலத்துல முயல் பிடிச்சாங்கன்னு இப்ப நாயைக் காட்டுக்குள்ள விட்டா அது குற்றம். ஓட ஆசைப்படுற நாய்க்கு வேலி போட்ட காலி நிலம் தேடிக் கொடுங்க. அதே மாதிரி பூனையை விரட்டுறது, பல்லைக் காட்டி உறும வைக்கிறது, பொம்மை ஆளைக் கடிக்க வைக்கிறதுன்னு வீடியோ போட்டு "எங்க கோம்பை எப்படி!"ன்னு கேட்காதீங்க. அதைப் பார்க்கிற முரட்டு ஆளுங்கதான் அடுத்த குட்டிக்கு வரிசையில நிப்பாங்க. பாட்டி கால்ல தலை வச்சுத் தூங்குற கோம்பையைப் படம் எடுத்துப் போடுங்க. அதுவும் கோம்பைதானே?

22. கடிச்சுட்டா மறைக்காதீங்க. கடிபட்ட இடத்தை ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீங்க. நீங்களே வண்டி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. செலவை ஏத்துக்கங்க. நாயோட தடுப்பூசி அட்டையைக் காட்டுங்க. அப்புறம் நாய் ஏன் கடிச்சுதுன்னு டாக்டர்கிட்டயும் பயிற்சியாளர்கிட்டயும் கேளுங்க. வலி இருந்தாலும் கடிக்கும். ராத்திரியோட ராத்திரியா வேற ஊர்ல கொண்டு போய் விடுறது பாவம். அந்த ஊர்ல இன்னொரு பிள்ளையைக் கடிக்கும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது

- தடுப்பூசி அட்டையை எடுத்துத் தேதி பாருங்க. தாண்டியிருந்தா நாளைக்கே போங்க.
- சங்கிலியில இருக்கிற நாயை ஒரு மணி நேரமாவது அவிழ்த்து, லீஷ் போட்டு நடத்துங்க.
- இணை சேர்க்க நாள் குறிச்சிருந்தா 7, 8, 9, 11-ஐத் திரும்பப் படிங்க. ஒண்ணு குறைஞ்சாலும் இந்த ஹீட்டை விட்டுடுங்க. அடுத்தது ஆறேழு மாசத்துல வரும்.
- ஏற்கெனவே குட்டி கொடுத்தவங்களுக்கு ஒரு போன் போட்டு, "எப்படி இருக்கு, ஏதாவது தொந்தரவா?"ன்னு கேளுங்க. தொந்தரவுன்னா போய்ப் பாருங்க.

எந்த இனத்துக்கும் நல்ல பேர் ஒரே நாள்ல வராது. ஒரு தெருவுல ஒரு நல்ல ராஜபாளையம் பத்து வருஷம் யாரையும் கடிக்காம வாழ்ந்தா, அந்தத் தெருப் பிள்ளைங்க வளர்ந்து பெரியவங்களாகி, பயமில்லாம தங்களுக்கும் ஒண்ணு வேணும்னு கேட்பாங்க. அந்த நல்ல நாய் உங்க வீட்டு நாயா இருக்கட்டும்.